சுவரில் உரசும் தராசு

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மாலை நீங்கள் பேசியபோது அப்பா போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. "வயித்தச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்று நீங்கள் சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வரலாற்றுப் பாடத்தைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். லைன் தானாகக் கட்டாகவில்லை. அப்பாதான் கட் செய்தார்.

பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒருவரைப் பற்றிப் பேசியது அவருக்குத் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை.

அப்பா: "அக்காவுக்கு என்ன ஆச்சு? ஆறு மாத்திரை முழுங்குற உடம்பு. அதுல போயி கத்தி வைக்கணுமாம்."

அம்மா: "அண்ணி வாயக் கட்டினாலே போதும். தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க."

நான்: "அத்தை ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு கடை ஏறி இறங்குறாங்கம்மா. உங்களவிட ஜாஸ்தி நடக்கிறாங்க."

அப்பா: "உன்னை யாரும் கேக்கல."

என்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் போன வருடம் அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது, பரீட்சை முடியும்வரை ஐந்து மாதம் உங்களோடு இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் மாத்திரை டப்பாவின் பதினான்கு அறைகளை நிரப்பியவளும் நான். இந்த வீட்டில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசத் தகுதி உள்ள ஒரே ஆள் என்று என்னைச் சொல்லலாம்.

இனி நீங்கள் அழைத்தால் எடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். பதிலை எங்கள் பள்ளிக்கூட நூலக முகவரிக்கு அனுப்புங்கள். நூலகத்து அக்கா நம்பகமானவர். மற்றவர் கடிதத்தைப் பிரிக்கமாட்டார். தாமதமாகத் திருப்பித் தரும் புத்தகத்தை மட்டும்தான் பிரித்துப் பார்ப்பார்.

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். நான் உங்கள் பக்கம்தான். ஆனாலும் காரணம் தெரிந்து உங்கள் பக்கம் இருக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அடிக்குறிப்பு


ஜூன் 17

அடிக்குறிப்புக்கு,

பட்டப்பெயரை நீயே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டாய். நல்லது. எதைச் சொன்னாலும் கீழே ஒரு நட்சத்திரம் போட்டு இன்னும் இரண்டு வரி சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

காரணம் கேட்டாய். மார்ச் மாதம் ஒரு மரக்கிடங்கில் லாரி எடைமேடையைச் சரிபார்க்கப் போனேன். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற மேடை. அதற்கு அடியில் ஆள் இறங்குகிற குழி இருக்கும். இரும்பு ஏணியில் எட்டுப் படி. இறங்கினேன். வேலையையும் முடித்தேன். ஏறும்போது நான்காவது படியில் முட்டி பூட்டிக்கொண்டது. மேலே இருந்து இரண்டு டிரைவர்கள் அக்குளில் கயிறு கொடுத்துத் தூக்கினார்கள். "அப்படியே அக்காவையும் சேத்து எடை போட்ரலாமா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "இனிமே வெளி வேலை வேணாம் மேடம். ஆபீஸ்ல உக்காந்து சான்றிதழ் டைப் பண்ணுங்க." அடுத்த மார்ச்வரை வெளி வேலையில் இருக்க அவகாசம் வாங்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்த் தராசுகளையெல்லாம் தொட்டுப் பார்த்தவள் நான். நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவன் தொட்டுப் பார்த்ததை டைப் அடிக்கமாட்டேன். அழகுக்காக என்று உன் அம்மா நினைத்தால் நினைக்கட்டும். எனக்கு அந்த எட்டுப் படி வேண்டும்.

வாயைக் கட்டினால் போதுமாம். ஆறு வருடமாகக் கட்டியிருக்கிறேன். நாலு கிலோ போகும், ஐந்து கிலோ வரும். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு. உடம்பு இளைத்தால் சில மாத்திரைகள் குறையலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். 'குறையும்' என்று சொல்லவில்லை, 'குறையலாம்' என்றார். அதனாலேயே அவரை நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிப் படிவத்தின் நகலை இதில் வைத்திருக்கிறேன். எல்லா மருந்தையும் எழுதச் சொல்கிறார்கள். என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. உனக்கு எல்லாம் மனப்பாடம். அழகாகக் கட்டம் போட்டு எழுதி அனுப்பு. ஆறு மாத்திரை. எடைக்கல் பெட்டியில் இருப்பதை எழுதாதே. அது மருந்து இல்லை, கீலுக்கு விடுகிற எண்ணெய். அது தெரிந்தால் முட்டியை முதலில் பாருங்கள் என்று என்னை வேறு வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அத்தை


ஜூன் 25

அன்புள்ள அத்தைக்கு,

பட்டியல் இத்துடன் இருக்கிறது. சர்க்கரைக்கு இரண்டு, இரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு, நெஞ்செரிச்சல். பெயர், அளவு, வேளை, எத்தனை வருடமாக என்று ஐந்து கட்டங்கள். காலைச் சர்க்கரை மாத்திரை மெதுவாகக் கரைகிற வகை என்பதையும் குறித்திருக்கிறேன். வயிறு சின்னதானால் அந்த வகையை மாற்றவேண்டி வரலாம் என்று ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். கேட்டுப் பாருங்கள்.

ஏழாவதை எழுதவில்லை. நீங்கள் சொன்னதால் எழுதவில்லை.

ஆனால் எழுதும்போது அந்தப் பெட்டி கண்ணிலேயே நின்றது. நீல வெல்வெட்டில் ஒவ்வொரு எடைக்கல்லுக்கும் ஒரு பள்ளம். ஐந்து கிராம் கல் எப்போதோ தொலைந்துபோய், அதன் பள்ளத்தில் அந்த வெள்ளை வலி மாத்திரைகள். காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று. கடைக்காரர் சீட்டு இல்லாமலே தருவார். "சும்மா முட்டி வலிக்கு" என்பீர்கள். படிவத்தைத் திரும்பப் படித்தேன். 'மருத்துவர் சீட்டின்றி வாங்குபவை உட்பட' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அடிக்குறிப்புகளை நான் தவறவிடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எட்டுப் படி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்தாள். பிறகு, "அதுக்கு வேற வேலை பாக்கலாமே" என்றாள். அம்மா இருபது வருடமாக ஒரே மிக்ஸியை மாற்றாமல் வைத்திருக்கிறவள். அதை நினைவுபடுத்தினேன். பிறகு என்னைச் சமையலறையிலிருந்து வெளியேற்றிவிட்டாள்.

உங்கள்
அடிக்குறிப்பு


ஜூலை 4

அடிக்குறிப்புக்கு,

தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எடைக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு எண் எடுக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வர வேண்டும். நர்ஸ் என்னை மேடையில் நிறுத்தினாள். எண்பத்தாறு கிலோ. கணக்கு முப்பத்துநாலரைக்குக் கீழே நின்றது. "நல்ல விஷயம்தானே மேடம், சந்தோஷப்படுங்க" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒருவர் ஒல்லி என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

உன் அப்பனுக்கு இந்தச் செய்தி எப்படிப் போனதோ, அன்று சாயங்காலமே அவனே போன் செய்தான். ஒரு மாதம் என் போனை எடுக்காதவன். "பாத்தியாக்கா, டாக்டரே சொல்லிட்டாங்க. நான் சொன்னா கேக்க மாட்ட." அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பத்தாவதில் கணக்குப் பாஸ் செய்தபோதுகூட அப்படிப் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மேடையில் நிற்கும்போது வலது காலில் பாரம் கொடுத்தால் ஒரு எண், இடது காலில் கொடுத்தால் வேறு எண். ஒழுங்கான தராசு அப்படி ஆடாது. குனிந்து பார்க்க முட்டி விடவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம், கண் தானாகப் போனது. மேடையின் ஒரு ஓரம் சுவரோரக் கட்டையில் உரசிக்கொண்டிருக்கிறது. என் பாரத்தில் கொஞ்சத்தைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. அது எண்ணில் வராது.

சுவர் என்னைத் தாங்குவது அதன் பெருந்தன்மை. ஆனால் எனக்கு அந்த உதவி வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். கம்பெனி வேனில், இருபது கிலோ எடைக்கல் நான்கோடு.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நூலகத்து அக்கா 'அமைதி' பலகையைக் காட்டினார். சுவரோடு சண்டை போடுகிற அத்தை வேறு யாருக்கு இருக்கிறாள்?

ஆனால் சிரித்து முடித்தபிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமை ஜெயிப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயித்தால் ஆபரேஷன் நடக்கும். நடந்தபிறகு நீங்கள் அந்த ஏழாவது மாத்திரையைப் போடுவீர்கள். சின்னதாக்கிய வயிற்றில் அந்த வகை வலி மாத்திரை புண் உண்டாக்கும், இரத்தம்கூடக் கசியலாம் என்று படித்தேன். ஒரு புத்தகத்தில் மட்டும் இருந்தால் நம்பமாட்டேன். மூன்றில் இருக்கிறது.

தயவுசெய்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்ல எழுதுகோல் மறுக்கிறது. சரி என்று நினைத்துத்தான் செய்தேன்.

அடிக்குறிப்பு


ஜூலை 15

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். "என்னம்மா இது, ஆஸ்பத்திரிக்கு இரும்புக்கடையே வருது?" நர்ஸ், "மேடம், தராசு புதுசு" என்றாள். "புதுசா இருந்தா என்ன? பாதிப் பாரத்தைச் சுவர்ல தள்ளிட்டு நிக்குதே" என்றேன். நான்கு கல்லையும் ஏற்றினோம். எண்பது கிலோ. எழுபத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. மேடையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொன்னேன். எண்பது புள்ளி பூஜ்யம். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறினேன். எண்பத்தொன்பதரை. கணக்கு முப்பத்தைந்தைத் தாண்டியது.

காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். போன மாதம் திருப்பி அனுப்பிய ஒருவர், "என்னையும் மறுபடி நிறுத்துங்கம்மா" என்று எழுந்து வந்தார். பின்னால் வரிசையே நின்றது. எடை கூடியதற்கு இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே டாக்டரம்மா அறைக்குள் போனேன். மேசைமேல் இரண்டு பட்டியல். ஒரே கையெழுத்து. ஒரே கட்டம். ஒன்றில் ஆறு, ஒன்றில் ஏழு. இரண்டாவது தபாலில் வந்ததாம். நீ செய்த காரியத்தை உன் கடிதத்தில் தெரிந்துகொள்ளும் முன்பே டாக்டர் மேசையில் தெரிந்துகொண்டேன்.

"எது சரி?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் தராசு பொய் சொல்கிறது என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன். ஏழுதான் என்றேன்.

குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். புண் இருக்கிறது. வலி மாத்திரையை அன்றே நிறுத்தியாகிவிட்டது. புண் ஆறப் புது மருந்து. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் தேதி தருவார்களாம். ஆகக்கூடி, மாத்திரை குறைய வேண்டும் என்று போனவளுக்கு ஒன்று கூடியிருக்கிறது.

உன்னை என் வீட்டில் வைத்திருந்தேன். என் பெட்டியைத் திறந்து பார்க்க விட்டேன். எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டாய். கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் போடாதே.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அத்தைக்கு,

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் இருபத்தேழு நாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். உங்கள் சான்றிதழ்த் தாளில் 'பிழை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காலியாக விட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கடைக்காரர்களோடு நீங்கள் மல்லுக்கு நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்களிடம் கற்றதை உங்களுக்கே செய்தேன்.

ஆனால் நீங்கள் அந்தத் தராசை எல்லார் முன்னாலும் சரிபார்த்தீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் தபால்பெட்டியில் போட்டேன். அது கோழைத்தனம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனதோடு.

அதனால் இனி எதையும் முன்னால் செய்வது என்று முடிவெடுத்துச் சாப்பிடும்போது பேசினேன். அப்பா உற்சாகமாக இருந்தார். "பாத்தியா, ஒத்திப் போட்டுட்டாங்க. கடவுளாப் பாத்து நிறுத்தினாரு."

"கடவுள் இல்லப்பா. நான்."

உங்களுக்குக் கடிதம் எழுதுவது, பட்டியல், பெட்டி, நூலக முகவரி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஆபரேஷன நிறுத்தறதுக்கு எழுதல. ஒழுங்கா நடக்கணும்னு எழுதினேன். புண் ஆறினா அத்தை போவாங்க. போகணும்."

"பதினாலு வயசுல உனக்கு என்ன தெரியும்?"

"நம்ம வீட்டுக் குளியலறைத் தராசும் சுவர்ல உரசுதுன்னு தெரியும். நீங்க தினம் காலைல எழுபத்திரண்டுன்னு சொல்றீங்களே, அது எழுபத்திரண்டு இல்ல."

அம்மா தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி இருமினாள். அது சிரிப்பு என்று நினைக்கிறேன். அப்பா எழுந்து போய்விட்டார்.

பிறகு அம்மா என் அறைக்கு வந்தாள். "உங்க அப்பா கோபப்படல. பயப்படுறாரு. தாத்தாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப வெளிய தனியா நின்னது அவருதான். தாத்தா திரும்பி வரல." இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். பயம் நியாயமானது. ஆனால் அவருடைய பயத்துக்காக நீங்கள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் மாதம் ஒன்று எழுதுவேன்.

அடிக்குறிப்பு


அக்டோபர் 26

அடிக்குறிப்புக்கு,

இதைச் சான்றிதழாக வைத்துக்கொள்.

சரிபார்க்கப்பட்டது: அத்தை. பழையது, ஓடுகிற நிலையில் உள்ளது. கண்ட பிழைகள்: பிடிவாதம், ஒரு மாத்திரையை மறைத்தது, சரியாகச் சொன்ன பிள்ளையோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தது. கடைசிப் பிழை திருத்தப்பட்டது.

புண் ஆறிவிட்டது. அந்த மாத்திரை இல்லாமல் முதல் மாதம் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். தண்ணீரில் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். வேறு வலி மருந்து, டாக்டரம்மா சீட்டில், பட்டியலில் ஏறியது. மெதுவாகக் கரைகிற சர்க்கரை மாத்திரையை மாற்றிவிட்டார்கள். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டதால்தான். "உங்க வீட்ல யாராவது டாக்டருக்குப் படிக்கிறாங்களா?" என்றார். "எல்லாத்துக்கும் படிக்கிறா" என்றேன்.

இந்த மூன்று மாதத்தில் வேண்டாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, மின்விசிறிக்கு நேர் கீழே. ஐந்தாவது நாள் ஒருவன் கொண்டுவந்த தாளில் பிழைக் கட்டம் காலி. "டைப் பண்ணுங்க மேடம், யாரு பாக்கப் போறா?" என்றான். எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றார்கள். உன் அப்பனைக் கூப்பிட்டேன். "நான் வந்து நிக்க மாட்டேன்க்கா" என்றான். "சரி, உக்காரு" என்றேன். வைத்துவிட்டான்.

ஆனால் இன்று காலை கதவைத் திறந்தால் உன் அம்மா, ஒரு பையோடு. உன்னிடம்கூடக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாளாமே? "அண்ணி, எனக்கு இதுல இஷ்டம் இல்ல. ஆனா நீங்க தனியாப் போறதுல அதைவிட இஷ்டம் இல்ல." இருபது வருடத்தில் எங்களுக்குள் நடந்த மிக நீளமான பேச்சு இதுதான்.

இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். படிவம் பன்னிரண்டு பக்கம். என்னென்ன தப்பாகலாம் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். இரத்தம், தையல் விடுவது, திரும்பி வராமலே போவது எல்லாமே இருக்கிறது. பிழைக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள், அதனால் கையெழுத்துப் போட்டேன்.

எது நடந்தாலும் உன் அப்பனிடம் ஒன்று சொல். யாரும் என்னைத் தள்ளவில்லை. டாக்டர் இல்லை, டிரைவர் இல்லை, நீயும் இல்லை. முடிவெடுத்தது நான். இதை நீ கீழே நட்சத்திரம் போட்டுச் சொல்லக் கூடாது. முதல் வரியில் சொல்ல வேண்டும்.

அத்தை


அக்டோபர் 30

அன்புள்ள அத்தைக்கு,

முடிவெடுத்தது நீங்கள்.

முதல் வரி. அப்பாவிடமும் இப்படித்தான் தொடங்கினேன், நீங்கள் உள்ளே இருந்த அந்த மூன்று மணி நேரத்தில். அப்பா ஆபீசுக்குப் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். "தெரியும்" என்றார். பிறகு, "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றார். அது திட்டா பாராட்டா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அம்மா அழைத்தாள். இந்த முறையும் ஸ்பீக்கர். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கண்ண முழிச்சதும் அண்ணி முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? 'தராச யாராவது மறுபடி சுவத்தோட தள்ளி வச்சுட்டாங்களா'ன்னு. நர்ஸ் போயிப் பாத்துட்டு வந்து இல்லன்னு சொன்னப்புறம்தான் தூங்கினாங்க."

அப்பா போனை மேசைமேல் வைத்தார். முகம் கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குள் போனார். தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. 

பிறகு கதவைத் திறக்காமலே, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, அப்பா சொன்னார்:

"எழுபத்தஞ்சரை."

உங்கள்
அடிக்குறிப்பு